காலரா உனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாமே

தம்பி,

நேற்று மத்தியானம் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொம்மையார்பாளையத்து மாமா சொன்ன வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை விமானம் ஏறப்போகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, பையில் வஞ்சிரத்தோடு பஸ் ஏறி வந்த மனிதர். நல்ல மனசோடுதான் பேசினார். "அங்க காலராவாமே, இன்னாத்துக்குப்பா போற?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "இவனுக்கு இன்னா பயம்? கைக்கொழந்தையிலயே காலராவ முழுங்கி ஏப்பம் வுட்டவன். ஒரு தபா வந்துட்டா மறுக்கா வராதுன்றாங்களே!" உன் அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "ஆமா மாமா, எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே. நான் சேஃப்" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குள் போனேன். ரசம் எடுக்கப் போனதாக நினைத்திருப்பாய். நான் அங்கே குழாயைத் திறந்துவிட்டு, வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நீ சென்னைக்குக் கிளம்பும்வரை அதைப் பற்றி வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் நீ போவதைத் தடுக்கிறேன் என்று அர்த்தமாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்ன அதே வார்த்தையை, அதே சிரிப்போடு சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். உன் தனம் சித்தி. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில்தான் அவளை நீ பார்த்திருக்கிறாய். எப்படிச் செத்தாள் என்று நீ கேட்டபோதெல்லாம் "வயித்துப்போக்குல போயிட்டா" என்று உன் அப்பா முடித்துவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் அவள் போன விதம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. தனம் அப்போது பாவாடை கட்டிய சின்னப் பெண். பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். தனத்தை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கஞ்சித் தண்ணீர் போல அவளிடமிருந்து போய்க்கொண்டே இருந்தது, அப்பாவின் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தரையில் கிடத்தி, சலைன் ஏற்றி ஏற்றி, பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பியவளைப் பார்க்கத் தெருவே வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு. யார் வீட்டில் வயிற்றுப்போக்கு என்றாலும் தனத்தைக் கூப்பிடுவார்கள். "அவளுக்கு வந்து போயிடுச்சு, அவளுக்கு ஒட்டாது" என்பார்கள். அவளும் போவாள். துணி அலசுவாள், வாயில் தண்ணீர் ஊற்றுவாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு தடவை இல்லை, பல தடவை ஆகவில்லை. அதனால் அவள் அதை மூடநம்பிக்கையாக நம்பினாள் என்று நினைக்காதே. தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துத்தான் நம்பினாள். அது உண்மையாகவும் இருந்தது.

ஏன் உண்மையாக இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ இன்ஜினியர். பம்ப், பைப், குளோரின் எல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். காலரா பரவியிருக்கிற அந்த நிவாரண முகாமில் நீ சுத்தம் செய்து அனுப்பப்போகிற தண்ணீர் தொண்டையைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதை, ஆஸ்பத்திரி லேபில் காலம் கழித்தவள் என்ற முறையில் நான் சொல்கிறேன். காலராக் கிருமி கமாப் புள்ளி போல வளைந்திருக்கும், பின்னால் ஒரு வால். அந்த வாலைச் சுழற்றி நீந்திப் போய்க் குடலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அங்கே உட்கார்ந்துகொண்டு விஷத்தைக் கக்கும். விஷம் பட்ட குடல், உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் திறந்துவிட்ட குழாயாக வெளியே கொட்டும். கிருமி ரத்தத்துக்குள் நுழையாது. பெரிதாகக் காய்ச்சல்கூட அடிக்காது. சத்தமே இல்லாத நோய் அது.

அந்தக் கிருமியைச் சுற்றி ஒரு மேலுறை இருக்கிறது. கொழுப்பில் வேர் பிடித்து, வெளியே சர்க்கரைச் சங்கிலிகளாக நீட்டிக்கொண்டு நிற்கும். கொழுப்பு வேரைத் தொட்டதும் நம் உடம்புக்கு ‘ஏதோ ஒரு கிருமி வந்திருக்கிறது’ என்பது மட்டும்தான் புரியும். ‘இன்னார்தான் வந்திருக்கிறார்’ என்று தெரிவது அந்தச் சர்க்கரையை வைத்து. ஒரு முறை நோய் வந்து பிழைத்தால், குடல் சுவரில் இருக்கும் அணுக்கள் அந்தச் சர்க்கரைக்கென்றே பொருந்துகிற எதிர்ப்பொருளைச் செய்து குடலுக்குள் விடும். அது போய்ச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக் கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்துப்போடும். பிணைந்தவை நீந்த முடியாமல், சுவரைத் தொடாமலேயே வெளியேறிவிடும். விஷத்துக்கு எதிராகவும் உடம்பு ஏதோ செய்யத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த முறை ஆளைக் காப்பாற்றுவது முக்கியமாக இந்த மேலுறைக்கு எதிரான காவல்தான். அந்தக் காவலும் நிலையானதில்லை. ரத்தத்தில் இருப்பது மாதங்களில் வற்றிவிடும். நினைவு வைத்திருக்கிற கொஞ்சம் அணுக்கள் மட்டும் சில வருஷம் தங்கும். தனம் இந்தக் கழிமுகத்துத் தண்ணீரோடும் இந்த நோயாளிகளோடும் புழங்கிக்கொண்டே இருந்ததால் அவளுடைய நினைவு அடிக்கடி புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே சர்க்கரை வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது.

நீ பிறந்த வருஷம் வந்தது அது இல்லை.

பிரசவ லீவு முடிந்து நான் லேபுக்குத் திரும்பியிருந்தேன். உன்னைப் பார்த்துக்கொள்ள தனம் உப்பளத்து வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். காலையில் உனக்குப் பால் கொடுத்துவிட்டு பஸ் ஏறினால், சாயங்காலம் வந்து நெஞ்சு கனக்க உன்னைத் தூக்குவேன். இடையில் நீ அவளுடைய பிள்ளை. அந்த மழைக்காலம் கழிந்து, உப்பளத்தில் சேறு வாரி வரப்பு மிதிக்க ஆட்கள் வந்து கொட்டகைகளில் தங்கினார்கள். அவர்கள் குடித்தது மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர். மழை வெள்ளம் அந்த ஊற்றின்மேல் ஏறி வடிந்திருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நாற்றமில்லை, நிறமில்லை. நான்கூட அந்தப் பக்கம் போனபோது குடித்திருக்கிறேன், கொஞ்சம் உவர்ப்பு, அவ்வளவுதான்.

கொட்டகையில் முதலில் ஒரு பெரியவர் படுத்தார். அப்புறம் அவர் மனைவி. தனத்தைக் கூப்பிட்டார்கள். உன்னை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கை கால் கழுவிக் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொடுவாள், அதில் அவள் சுத்தக்காரி.

அதே வாரம் எங்கள் லேபில் ஒரு விஷயம் நடந்தது. வார்டு நிரம்பி வழிந்தது. வந்த மாதிரிகளையெல்லாம் தட்டில் வளர்த்தோம். காலராவுக்குரிய மஞ்சள் நிறத்தில் அழகாக வளர்ந்து வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொசுக்கூட்டம் போலப் பாய்ந்து பாய்ந்து ஓடியது. கடைசியாக ஒரு சோதனை உண்டு. காலராவின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் குப்பியில் வரும், சீரம் என்போம். கண்ணாடித் துண்டில் கிருமியைக் கரைத்து, மேலே ஒரு சொட்டு சீரம் விட்டு, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். காலரா என்றால் பால் திரிவது போலக் குருணை குருணையாகக் கட்டிக்கொள்ளும். நான் சொட்டு விட்டேன். சாய்த்தேன். திரியவில்லை. பால் பாலாகவே கிடந்தது. இன்னொரு நோயாளியுடையதைப் போட்டேன். திரியவில்லை. புதுக் குப்பி உடைத்தேன். அதிலும் இல்லை. லேபில் எப்போதும் வைத்திருக்கும் பழைய காலராக் கிருமியை எடுத்து அதே சீரத்தோடு போட்டேன். உடனே திரிந்தது. சீரத்தில் கோளாறு இல்லை.

கண்ணாடித் துண்டுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வார்டு டாக்டரிடம் போனேன். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வார்டுல காலரா. லேப்ல காலரா இல்லையாம்மா?"

"கட்டவே மாட்டேங்குது சார். சீரம் நல்லாத்தான் இருக்குது. பழசோட போட்டா திரியுது."

அவர் கண்ணாடித் துண்டைக் கீழே வைத்துவிட்டு வார்டைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னொண்ண கவனிச்சியா? எப்பவும் புள்ளைங்கதான் ஜாஸ்தியா வரும். இந்தத் தபா பாரு, எல்லாம் பெரியவங்க. ஏற்கெனவே வந்து பொழைச்சவங்க. இங்க பொறந்து வளந்தவங்க." தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார், "இது நமக்குத் தெரிஞ்ச ஆளு இல்லம்மா. ஆனா செய்யிற வேலை அதே வேலை. பேரு அப்புறம் வெச்சிக்கலாம், நீ போயி சலைன் பாட்டில் எத்தனை இருக்குதுன்னு பாரு."

அவர் நோயாளிகளிடம் திரும்பிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். அந்தக் கண்ணாடித் துண்டில் நடந்ததுதான் இந்தக் கட்டில்களில் கிடப்பவர்கள் குடலுக்குள்ளும் நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அவர்களுக்குள்ளும் எதிர்ப்பொருள் இருக்கிறது. பல வருஷமாகக் காவல் காத்தது. புதிதாக வந்தவன் வேறு சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறான், காவல் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு யாரோ என்று விட்டுவிட்டது. சட்டை மட்டும்தான் வேறு. வாலும் அதே, விஷமும் அதே. சென்னையிலும் வங்காளத்துப் பக்கத்திலும் அதே காலத்தில் இப்படியேதான் பெரியவர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதும், கிருமி தன் மேலுறையைச் செய்கிற மரபணுப் பகுதியை மாற்றிக்கொண்டுவிட்டது என்பதும் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தனம் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "தனம், இனிமே கொட்டகைக்குப் போவாத. இது வேற மாதிரி இருக்குதுடி."

அவள் உன்னை மடியில் போட்டுக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வேற மாதிரின்னா? வாந்தி, பேதி. அதேதான்க்கா. நான் பாக்காததா?"

"பழசுக்கு உன் ஒடம்புல இருக்கறது இதுக்கு வேலை செய்யாது. லேப்ல பாத்தேன்."

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்து போயிடுச்சே" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போவல. அந்தக் கெழவனுக்குக் கஞ்சி ஊத்த ஆளு இல்ல. நாளைக்கு அவர் மவன் திண்டிவனத்துலருந்து வர்றானாம். அவன் கையில ஒப்படைச்சிட்டு வுட்டுடறேன்" என்றாள். மறுநாள் மகன் வந்தான். ஒப்படைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொன்னதைக் கேட்டாள், தம்பி. இதை நீ மறக்கக் கூடாது. டாக்டர் தப்பு செய்யவில்லை, சீரம் தப்பு செய்யவில்லை, தனம் தப்பு செய்யவில்லை. யாரும் எதையும் தவறவிடவில்லை. அப்படியும் அது வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானமே எனக்கு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்தேன். தூளியில் நீ கத்திக்கொண்டிருந்தாய். தனம் பின்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்து எழ முயன்றாள், முடியவில்லை. குரல் அவளுடையதாகவே இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"காலைல பழைய சோறு துன்னேன். ஒத்துக்கல போலக்கீது."

"எத்தினி தபா போச்சு?"

"எண்ணலக்கா. இது அது இல்ல. அது வந்தா எனக்குத் தெரியாதா?"

கையைப் பிடித்தேன். விரல்கள் நாளெல்லாம் தண்ணீரில் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கியிருந்தன. கண் உள்ளே போயிருந்தது. காலையில் முதல் தடவை போனபோதே அடுத்த வீட்டில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், யாராவது சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாலே போதும், நான் வரும்வரை தாக்குப்பிடித்திருப்பாள். ஊருக்கெல்லாம் கரைத்துக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். தனக்கு வராது என்ற நினைப்பு அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. நோய் அவள் குடலுக்குள் நுழைய மேலுறை உதவியது. அவளைச் சுவரோரம் உட்காரவைத்தது அந்த நினைப்புதான்.

உப்பளத்தில் வேலையாக இருந்த உன் அப்பா ஓடி வந்தார். ரோட்டில் உப்பு லாரி ஒன்றை மறித்து, மூட்டைகளின்மேல் தார்ப்பாய் விரித்து அவளைக் கிடத்தினோம். உன்னை அடுத்த வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கப் போனேன். தனம் படுத்தபடியே கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்தாள். அதுவரை அவள் முகத்தில் பயமே இல்லை. அப்போதுதான் வந்தது.

"அக்கா, காலைல அவனுக்கு நான்தான் வாயத் தொடச்சி வுட்டேன்."

அவள் ஒப்புக்கொண்ட இடம் அது. தனக்கு வந்திருப்பது எது என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. போகும் வழியெல்லாம், "கொழந்தையப் பாருக்கா, கொழந்தையப் பாரு" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். லாரி குலுங்கியபோதெல்லாம் அந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது குரல் நின்றிருந்தது. டாக்டர் ஓடி வந்தார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. மறு கையிலும் இல்லை. கணுக்காலில் கீறித் தேடிப் பிடித்து ஏற்றினார். பாட்டில் இறங்கத் தொடங்கியது. நான் அவள் தலைமாட்டில் நின்று சொட்டுச் சொட்டாக விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்வதற்குள் அவள் போய்விட்டாள். பாட்டில் பாதிகூடக் காலியாகவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என்னைப் பார்த்து, முடிக்காமல் நகர்ந்துவிட்டார்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு உன் துணியிலிருந்து மாதிரி எடுத்து லேபுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் தட்டைத் திறந்தேன். மஞ்சளாக வளர்ந்திருந்தது. சீரம் விட்டேன். திரியவில்லை. அதே ஆள். அவன் என் பிள்ளையின் குடலுக்குள்ளும் இருந்தான். அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு உன்னை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தேன். உன் உச்சிக்குழியைத் தடவித் தடவிப் பார்ப்பேன், உள்ளே போகிறதா என்று. ஒவ்வொரு முறை நீ துணியை நனைக்கும்போதும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். உன் அப்பா வாசலில் உட்கார்ந்து, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நீயோ கை காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்த மாதிரியில் கிருமி இல்லை.

அப்படித்தான் நீ ‘காலராவை ஜெயித்தவன்’ ஆனாய். சாவு விழுந்த வீட்டில் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. இன்று மறுக்கிறேன். ஜெயித்தது நீ இல்லை, தம்பி. நான் யோசித்து யோசித்து வந்த முடிவு இது, ஊகம்தான், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த ஊற்றுத் தண்ணீரை நானும் குடித்திருந்தேன். காலரா உள்ளே போகிற எல்லோரும் படுத்துவிடுவதில்லை, பலருக்கு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். எனக்கும் அப்படி வந்து போயிருக்க வேண்டும். தாயின் குடல் எந்தக் கிருமியைப் பார்த்ததோ, அதற்கான எதிர்ப்பொருளைச் செய்கிற அணுக்கள் பால் சுரக்கிற இடத்துக்கும் போகும். என் உடம்பு அந்தப் புதுச் சர்க்கரையைக் கற்றுக்கொண்டு பாலில் கலந்து அனுப்பியிருக்கிறது. உன் குடலுக்குள் கிருமியைக் கட்டிப்போட்டது அதுவாகத்தான் இருக்கும். என் தங்கைக்கு நான் எதையும் கொடுக்க முடியவில்லை. அதே நாட்களில் தெரியாமலே உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

தாய்ப்பாலில் வந்த காவல், பால் குடிக்கும்வரைதான். அது உன்னுடையது ஆகாது. நீ பால் மறந்தபோது அதுவும் போய்விட்டது. உன் உடம்பே ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால்கூட, பச்சைக் குழந்தையின் உடம்புக்குச் சர்க்கரையை நினைவில் வைத்துக்கொள்ளும் திறமை குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் புதுச் சட்டைக்காரன் கொஞ்ச வருஷம் ஆட்டம் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டான், இப்போது எங்கோ அபூர்வமாகத்தான் தென்படுகிறான் என்கிறார்கள். நீ போகிற முகாமில் இருப்பது பழையவன், தனம் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தவன். அவளுக்குப் பழையவனைத் தெரியும், வந்தது புதியவன். உனக்கு எவனையாவது தெரிந்திருந்தால் அது புதியவன், அங்கே காத்திருப்பது பழையவன்.

காலராத் தடுப்பு மருந்து குடித்துவிட்டதாகச் சொன்னாய். நல்லது. கொல்லப்பட்ட கிருமியின் மேலுறையைக் குடலுக்குக் காட்டிக்கொடுக்கிற மருந்து அது. எந்தச் சட்டை அதில் இருக்கிறதோ அந்தச் சட்டையைத்தான் உன் உடம்பு கற்றுக்கொள்ளும். அதுவும் எல்லோருக்கும் முழுசாகக் கற்றுக்கொடுக்காது, கற்றதும் சில வருஷத்தில் தேயும். அதைக் குடித்ததற்காக நிம்மதியாக இரு, ஆனால் அதை நம்பி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதே. இந்தக் கிருமி மனிதன் இல்லாமலும் வாழும். உப்பு விளைகிற பாத்தியில் அதற்கு இடமில்லை, ஆனால் பாத்திக்குத் தண்ணீர் வருகிற கழிமுகத்தில், உவரும் நன்னீரும் கலக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின்மேல் ஒட்டிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். போன புயலில் கடல் உள்ளே ஏறி, அளத்துக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் நின்றதே, அப்போது உன் அப்பா வாசலில் நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. நீ ‘சூப்பர்’ என்று பதில் போட்டாய். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதையும் பார்க்க முடியாது என்று தெரிந்தும் பார்த்தேன். அது எங்கேயும் போய்விடவில்லை, தம்பி. அடுத்த தடவை எந்தச் சட்டையில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் இதை மட்டும் செய். உப்பு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் உன் சட்டைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் இல்லை, பையில். முதல் தடவை தண்ணீராகப் போனதும் பக்கத்தில் இருப்பவனை எழுப்பு, வெட்கப்படாதே. சாப்பாடு ஒத்துக்கவில்லை, வெயில் ஒத்துக்கவில்லை என்று காரணம் தேடாதே. இரண்டாவது தடவைக்குக் காத்திருக்காதே. கரைத்துக் குடித்துக்கொண்டே மருத்துவக் கூடாரத்துக்கு நட. நடக்க முடிகிறபோதே நட. காலராவில் சாகிறவர்கள் பெரும்பாலும் மருந்தில்லாமல் சாவதில்லை, நேரமில்லாமல் சாகிறார்கள். அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது வேறு யாருமில்லை, ‘எனக்கு வராது’ என்கிற அந்தச் சிரிப்புதான்.

உன்னைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நல்ல தண்ணீர் கொடுக்கப் போகிறாய். கொட்டகைக்கு அன்று ஒருத்தன் அப்படி வந்திருந்தால் தனத்துக்கு இப்போது பேரன் பேத்தி இருந்திருப்பார்கள். உன் அப்பா நாளைக்கு இரும்பை ஊர்ச் சிவன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, திருநீற்றோடு சென்னைக்கு வருகிறார், நானும் கூட வருகிறேன். ஏர்போர்ட்டில் எல்லோர் முன்னாலும் காலில் விழுவாய். எல்லா அம்மாக்களும் சொல்கிற அந்த வார்த்தையை நானும் சொல்வேன் என்று எதிர்பார்ப்பாய். "ஒனக்கு ஒண்ணும் ஆகாது." என் வாயில் அது வராது, கோபித்துக்கொள்ளாதே. தலையைத் தொட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். எனக்குத் தெரியாது, உன் உடம்புக்கும் தெரியாது. பயந்துகொண்டே போ. பயந்துகொண்டே வேலை செய், பயந்துகொண்டே கை கழுவு. வேலை முடிந்து வந்து இந்த வாசலில் நில். உன்னை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சொல்கிறேன், உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று.

அம்மா